ஆதரவாக ஒரு கை

“எல்லாரும் கண்ணை மூடுங்க,” என்றேன். “தலைவரும்தான்.”

நீள மேசையைச் சுற்றி ஆறு பேர். ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருப்பவர்களைப் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஒரு கண்ணை இடுக்கித் தலைவியைப் பார்த்தார்.

“சார், அந்தக் கண்ணும்.”

இதற்குமேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பக்கவாதம் வந்து விழுந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் மையம் இது. பிடிமானத்தை விட்டுவிட்டு நடங்கள் என்று கீழ்த்தளத்தில் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாடியில் கூடும் நிர்வாகக் குழுவுக்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் தன்னார்வலன் நான். கம்பெனிகளின் இயக்குநர் கூட்டங்களைக் காலமெல்லாம் நடத்திவைத்தவன். நாற்காலி பறந்த கூட்டங்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். இவர்களைப் போல் யாரும் என்னை அழவைத்ததில்லை.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் போதும், எல்லாக் கைகளும் மேலே போய்விடும். என்ன தீர்மானம் என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

மாற்றுக் கருத்து சொல்லிப் பழகுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் எழுந்து, “மேடம் சொல்றதை நான் வன்மையா எதிர்க்கிறேன்,” என்றார். காரணம் கேட்டேன்.

“நீங்கதானே சார் எதிர்க்கச் சொன்னீங்க?”

சரி, ரகசியமாகச் சீட்டில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். பெட்டியில் போடுவதற்கு முன், சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருவராகத் தலைவியிடம் காட்டிவிட்டு வந்தார்கள்.

தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

போன மாதம் தலைவி இந்த மாடிப்படியில்தான் மயங்கி விழுந்தார். இனி அலைச்சல் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாளே ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இவர்கள் நின்றார்கள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பயிற்சி அறைக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்று கேட்டார்கள்.

அவரும் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கண்ணைத் திறக்காமலேயே, “நீலம்,” என்றார்.

அன்றைக்கே முடிவுசெய்தேன். இன்று ஓட்டுக்கு விட்டிருக்கும் தீர்மானம் நான் எழுதிக்கொடுத்தது. இரண்டு முறைக்குமேல் ஒருவரே தலைவராக இருக்கக் கூடாது. ஒரே வரி. நிறைவேறினால், மையம் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் இன்றே இறங்க வேண்டும்.

அடுத்த தலைவருக்கும் ஆள் பார்த்து வைத்திருந்தேன். குழுவிலேயே இளையவளான பல் டாக்டர். கெட்டிக்காரி. அவளைத் தனியாக உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அக்கா இருக்கறப்போ நான் எப்படி சார் அந்தச் சேர்ல உக்காருவேன்? உடம்பெல்லாம் கூசும்.”

“தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றேன்.

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ தரையில் காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு கையும் எழவில்லை.

பல் டாக்டரின் விரல்கள் மேசை விளிம்பில் அசைந்தன. தூக்கும்மா, தூக்கித் தொலை என்று மனதுக்குள் கத்தினேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அப்போது ஒரு கை எழுந்தது.

மெதுவாக, தோள் வரைக்கும்தான்.

தலைவியின் கை.

கண்களை இறுக்கி மூடியிருந்தார். மற்ற யாரும் பார்க்கப்போவதில்லை. நான் பார்ப்பேன். அது அவருக்குத் தெரியும்.

“எதிர்க்கிறவங்க?” என்று கேட்டேன்.

மற்ற ஐந்து கைகளும் படக்கென்று மேலே போயின.

கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பலகையில் எழுதினேன். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஐந்து. தீர்மானம் தோற்றது.

“யாரு சார் அந்த ஒண்ணு?” போஸ்ட்மாஸ்டர் கொதித்தார். “கூடவே உக்காந்து டீ குடிச்சிட்டு, எப்படித்தான் மனசு வந்துச்சோ!”

அவர் பார்வை மருந்துக்கடைக்காரர் மேல் போய் நின்றது.

“என்னை ஏன்யா முறைக்கிறீங்க? என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் இல்ல!”

“விடுங்க,” என்றார் தலைவி. குரல் கரகரத்தது. “யாரா இருந்தா என்ன. அதான் தோத்துப்போச்சே.”

சொல்லியிருக்கலாம். உங்கள் தலைவியே இறங்கத்தான் ஆசைப்படுகிறார், கொஞ்சம் விடுங்களேன் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால், ஒரு முடிவால் சொந்த லாபம் அடைகிறவர் அந்தப் பேச்சில் வாய் திறக்கக் கூடாது. இவர்களுக்கு முதல் வகுப்பில் நான் நடத்திய பாடம். தீர்மானத்தை எழுதியதிலேயே அதைப் பாதி மீறியாகிவிட்டது.

எனக்கு லாபம் இருந்தது. சாயங்கால வேளைகளில் என் மனைவி வீட்டில் இருப்பாள்.

‘உனக்கு என்னைவிட அந்த நாற்காலிதான் பெரிசு’ என்று காலையில்கூட அவளிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

பலகையை அழித்தேன். அந்த ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.