ஒப்பந்தத் தங்கை

எண்ணெய் நாடும் வல்லரசும் செய்த நட்பு ஒப்பந்தத்தின்படி, துறைமுக ஊழியர் ஒவ்வொருவருக்கும் வல்லரசில் ஓர் உறவு ஒதுக்கப்பட்டது. கப்பலில் எண்ணெய் ஏற்றும் பூங்கோதைக்கு லீனா என்ற தங்கை கிடைத்தாள். ஆறு வருடம் வாராவாரம் திரையில் பேசினார்கள். லீனா தமிழே கற்றுக்கொண்டாள்.

விலைத் தகராறில் ஒப்பந்தம் முறிந்தது. அதிகாரி உறவு ரத்துப் படிவத்தோடு வந்தார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. இனிமே அவங்க உங்களுக்கு யாரோதான்."

"அவ மாசமா இருக்கா சார். இது ஏழாம் மாசம்."

"அதை எழுத இதுல இடமில்லீங்களே."

பூங்கோதை கையெழுத்திட்டாள். பிறகு படிவத்தோடு இணைத்திருந்த வர்த்தகத் தடைப்பட்டியலை நிதானமாகப் படித்தாள். எண்ணெய், இயந்திரம், கோதுமை எல்லாம் இருந்தன; கண்ணாடி வளையல் இல்லை. அன்று மாலையே இரண்டு டஜன் வாங்கி, வல்லரசுக்குப் புறப்பட்ட கடைசிக் கப்பலின் மாலுமியிடம் கொடுத்தாள்.

"உடையாம கொண்டு போங்கண்ணே. தங்கச்சிக்கு வளைகாப்பு."