எட்டாவது புஷ்

"சீக்கிரம் மச்சான், நேரமாகுது" என்றார் கேப்டன். மணி காலை பத்து.

மச்சான் பதில் சொல்லவில்லை. விமானத்தின் இருக்கைக்குள் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு, வாயில் ஒரு போல்ட்டைக் கவ்விக்கொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது.

கேப்டன் அவன் அக்கா புருஷன். பட்டம் தெருக்காரர்கள் கொடுத்தது. முப்பது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து அடுத்தவர் விபத்துகளைப் பதிவு செய்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறக்கப்போவதாக அறிவித்தார். ஓட்டுவதற்கு உரிமமும் வாங்கிவிட்டார், யாரோ ஒழுங்காகக் கட்டிய விமானத்தில்.

அதற்கு ஆயிற்று பதினோரு வருஷம். கார் ஷெட்டில் விமானம் நிற்கிறது, கார் மழையில் நனைகிறது. ஷெட்டில் இடம் கொள்ளாத இடது இறக்கை ஹாலில், சோபாவுக்குப் பின்னால். அக்கா அதில் துண்டு காயப்போடுகிறாள்.

சமையலறையில் கேப்டன் அடித்த அலமாரி இரண்டு முறை விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன மாதத்துக்கு முந்தைய மாதம் பரிசோதகர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பாராட்டினார், ஒரே ஒரு குறை எழுதிவிட்டுப் போனார்: ஸ்டிக் ஆடுகிறது.

ஸ்டிக் என்றால் ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் கம்பி. விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் சாய்ப்பதும் அதுதான். அதன் தலை இரண்டு நூல் ஆடியது, கால் அங்குலம். ஆட்டம் போகிறவரை பறக்க அனுமதி இல்லை. போய்விட்டால் அடுத்த ஞாயிறே பறக்கலாம். சொந்தபந்தம் அத்தனைக்கும் அழைப்பிதழ் போயாயிற்று, கேப்டன் படத்தோடு.

ஆட்டத்துக்குக் காரணம் அடியில் இருக்கும் விரலளவு வெண்கலக் குழாய், புஷ். அதற்குள்தான் போல்ட் போகிறது. துளை ஒரு முடி கனம் கூடினாலும் மேலே ஆட்டம் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு லேத் பட்டறைக்காரன் இருந்தது கேப்டனின் அதிர்ஷ்டம். மச்சான் இருபத்தைந்து வருஷமாய்க் கடைசல் பிடிக்கிறான். ஊரில் பாதி இயந்திரங்கள் அவன் கடைந்த புஷ்ஷில்தான் சுற்றுகின்றன. ஆனால் மாமாவுக்கு மட்டும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு புஷ் கடைந்தும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

எப்படிப் பொருந்தும்? ஏழிலும் துளையைப் பெரிதாக்கியது அவன்தான்.

"அவர் அதுல ஏறினா, இறங்கற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இருக்காதுடா" என்று முதல் வாரமே அக்கா அழுதிருந்தாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அவன் உதட்டைப் பிதுக்கி, "வெண்கலம் சரியில்ல மாமா" என்பான். தொழிலில் இவ்வளவு கேவலத்தை அவன் பார்த்ததே இல்லை. என் மச்சானுக்கு ஒரு ஓட்டை ஒழுங்காப் போடத் தெரியல என்று கேப்டன் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

நேற்று அக்காவே பட்டறைக்கு வந்தாள். மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், தூங்குவதில்லையாம், ஷெட்டில் நின்று அதையே வெறித்துப் பார்க்கிறாராம்.

"என்னால பாக்க முடியலடா. இந்த வாட்டி சரியாவே போட்டுக் குடு. ஆசை தீரப் பறந்துட்டு வரட்டும்." சொல்லும்போதே அவள் கை நடுங்கியது.

ஆகவே எட்டாவது புஷ் கச்சிதம். ஏழாவதைத் தட்டி எடுத்து, முந்தைய ஆறும் கிடந்த பிஸ்கட் டப்பாவில் போட்டான். புதியதை உள்ளே தள்ளி, போல்ட்டை முடுக்கி, ஸ்டிக்கைப் பிடித்துப் பார்த்தான். தள்ளிய பக்கம் போயிற்று, விட்ட இடத்தில் நின்றது. துளி ஆட்டமில்லை.

கேப்டன் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பதினோரு வருஷம் காத்திருந்தவர் முகத்தில் என்ன வரவேண்டுமோ அது வரவில்லை.

"சரி, நீ போய்க் கை கழுவிட்டு டீ குடி" என்றார்.

அவன் கை கழுவினான். டீ குடித்தான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான். இறக்கையில் கிடந்த துண்டை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்தார். டொக், டொக் என்றது.

"பாத்தியா மச்சான், இன்னும் ஆடுது!"

அவன் பிடித்துப் பார்த்தான். இரண்டு நூல். இந்த ஆட்டம் அவனுக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிறு அவனே கடைந்த ஆட்டம்.

பிஸ்கட் டப்பாவில் ஏழு பழைய புஷ் இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது. கேப்டனின் சட்டைப் பை கனத்துத் தொங்கியது, துணியில் எண்ணெய் வட்டமாய் ஊறியிருந்தது.

போல்ட்டைக் கழற்றி, புதியதைத் தட்டி எடுத்து, பழையதை நுழைத்து, மறுபடி முடுக்கி, எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில். அடேயப்பா! பதினோரு வருஷத்தில் கேப்டன் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை முடித்ததே இல்லை.

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஸ்டிக்கைப் பிடித்திருந்த மாமாவின் கை, நேற்று அக்கா கை நடுங்கியது போலவே நடுங்குவதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. உதட்டைப் பிதுக்கினான்.

"வெண்கலம் சரியில்ல மாமா. இன்னொண்ணு கடைஞ்சு பாக்கறேன்."

"பாரு, பாரு." கேப்டன் சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டார். "அவசரமே இல்ல மச்சான்."