அரை செகண்ட்

"ஒரே ஒரு தடவை தோத்துப் போனா, உங்க தலையில இருக்குற கிரீடம் கீழே விழுந்துடுமா?"

கேட்டவள் மனைவி. வாங்கிக் கட்டிக்கொண்டவர் பல் டாக்டர். கிளினிக்கில் "வலிக்கவே வலிக்காது, கண்ணை மூடிக்குங்க" என்று தேனாகப் பேசுகிற மனிதர், சொந்த மச்சானிடம் மட்டும் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை.

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. மருந்துக் கடை வைத்திருக்கிறான். சற்று முன்புதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான்.

சண்டை சொத்துக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. இளவட்ட வயதில் வாங்கிய பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். டாக்டருடையது பழுப்பு நிறம், செங்கல் கனம். தம்பியுடையது கறுப்பு, ரப்பர் பட்டன். இன்றைக்கு செல்போன் கண் சிமிட்டுவதற்குள் முடிக்கிற கணக்கை இவை முக்கி முனகிப் போடும்.

ஞாயிறுதோறும் இரண்டையும் ஆளுக்கொரு பழைய டி.வி.யில் மாட்டுவார்கள். ஆயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவரவர் புரோகிராமை அவரவர் எழுதிக்கொள்ளலாம். எது முதலில் முடிக்கிறதோ அதற்கு வெற்றி. "ரெடி, ஸ்டார்ட்" சொல்லி நேரம் பார்ப்பது அவள் வேலை.

எப்போதும் டாக்டர்தான் ஜெயிப்பார். அதுவும் எப்படி? அரை செகண்டில்! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் தம்பி தவிப்பதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். போதாக்குறைக்கு, "மச்சான், அந்த ரப்பர் டப்பாவைப் பென்சில் எழுத்து அழிக்க வச்சுக்கோ!" என்று டாக்டர் கெக்கலி கொட்டுவார்.

"பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு ஒத்தையா நிக்கிறான். அவனுக்கு இருக்குறது இந்த ஒரு சந்தோஷம். அதுலயும் மண்ணை அள்ளிப் போடுறீங்களே!"

"விளையாட்டுன்னா விளையாட்டுதான். விட்டுக்கொடுக்குற பேச்சே கிடையாது" என்றார் டாக்டர், டீயை உறிஞ்சியபடி.

அப்போதே முடிவு பண்ணிவிட்டாள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

வழியைத் தம்பியே ஒரு நாள் வாய் ஓயாமல் விளக்கியிருந்தான். "அக்கா, இந்தப் பழைய மெஷின் இருக்கே, 'அந்த வரிக்குத் திரும்பிப் போ'ன்னு சொன்னா நேரா போகாது. ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேர்ந்து தேடிக்கிட்டே வரும். மேல எந்த வேலையும் செய்யாத ஒரு குறிப்பு வரி சும்மா இருந்தாக்கூட அதையும் தாண்டி வரணும். அதான், வேண்டாத வரியை எல்லாம் நான் தூக்கிட்டேன்."

அடுத்த ஞாயிறு. புரோகிராமை ஏற்றி வைத்துவிட்டு டாக்டர் குளிக்கப் போனார். அவள் பூனை மாதிரி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தது வீண் போகவில்லை. ஒரு எழுத்துக்கூட இல்லாத வெறும் குறிப்பு வரி இரண்டைத் தட்டினாள். மேலே போய் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதா என்று புரோகிராமைத் திரையில் வரவழைத்தாள்.

அவள் போட்ட இரண்டும் உச்சியில் இருந்தன. அதற்குக் கீழே இன்னொரு வெறும் குறிப்பு வரி. அதற்குக் கீழே இன்னொன்று. திரை முழுக்க அதே. நிஜமான புரோகிராம் எங்கோ அடியில் நாலைந்து வரியில் ஒடுங்கிக் கிடந்தது.

"என்ன பண்ற?"

தோளில் துண்டோடு டாக்டர் நின்றிருந்தார்.

"அதை நான் கேக்கணும். எதுக்கு இத்தனை வெத்து வரி?"

டாக்டர் திருட்டு முழி முழித்தார். "அது... இதை எல்லாம் எடுத்துட்டா, அவன் பாதி தூரம் வர்றதுக்குள்ள என் மெஷின் முடிச்சிடும். புதன்கிழமையே போன் போட்டு, 'அத்தான், இந்த வாரம் நான் இத்தனை செகண்ட்'னு மீசையை முறுக்குறான்ல? அதைப் பார்த்து இதுல ரெண்டு மூணு வரி எடுப்பேன். கொஞ்சம் முன்னாடி போற மாதிரி."

"இவ்வளவு பண்றவர், கூட ரெண்டு வரி போட்டு அவனை ஜெயிக்க விட்டா என்னவாம்?"

டாக்டர் துண்டால் காதைத் துடைத்தார். வேண்டாத இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவன் பொண்டாட்டி போனப்புறம் கடையைக்கூடத் திறக்காம கிடந்தானே, ஞாபகம் இருக்கா? நீ போன் போட்டாலும் எடுக்கலை. இப்ப வாரம் பூரா என்னை எப்படிக் கவுக்கலாம்னு மண்டையை உடைச்சுக்குறான். ஞாயித்துக்கிழமை ஆனா ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில வந்து நிக்கிறான். நம்மகூட உக்காந்து நாலு வாய் சாப்பிடுறான். ரொம்பப் பின்னால விழுந்தா வெறுத்துப் போயிடுவான். ஜெயிச்சிட்டான்னா, அடுத்த வாரம் எதுக்கு வருவான், சொல்லு?"

இந்த மனுஷனையா இத்தனை நாளும் கரித்துக் கொட்டினோம் என்றிருந்தது அவளுக்கு.

வாசல் மணி அலறியது. "அக்கா, கதவைத் திற! இன்னிக்கு அத்தான் கதை முடிஞ்சுது!"

டாக்டர் கதவைப் பார்த்து நகர்ந்தார். அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க, நான் போய்த் திறக்குறேன். நீங்க முதல்ல உச்சியில நான் போட்ட ரெண்டு வரியை அழிங்க, சீக்கிரம்! பாவி, இன்னிக்கு ஜெயிச்சுத் தொலைச்சிடப் போறான்!"