இரண்டு துடிப்பு

மனநோய் மாத்திரை இதயத் தசையைக் கெடுக்கிறதா என்று கோவில்பட்டியில் ஒரு டாக்டர் ஆராய்ந்தார். மாதந்தோறும் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. அந்த மாத்திரை சாப்பிட்டு வந்த கருத்தையாவின் இதயம் தளர்ந்துகொண்டே வந்தது. இந்த மாதமும் தளர்ந்திருந்தால் மாத்திரை நிறுத்தம். நிறுத்தினால் பழையபடி கரிசல் வெடிப்புகளோடு பேசப் போய்விடுவார்.

அவர் மனைவி ஆவுடைத்தாய் முந்திக்கொண்டு படுத்தாள். "எனக்கு எடுத்து அவிய பேரைப் போடுங்க அண்ணாச்சி."

"இது என்ன ரேஷன் கடையா தாயி, ஆள் மாத்தி நிக்கதுக்கு?" என்றேன். ஆனாலும் எடுத்தேன். தாளில் இரண்டு துடிப்புகள் ஓடின. தளர்ந்த துடிப்பு, மாதாமாதம் கருத்தையாவிடம் பார்த்து எனக்குப் பழக்கமானதுதான்.

கருத்தையாவைப் படுக்கவைத்தேன். முள் நேர்கோடு போட்டது. "நல்லா இருக்கா அண்ணாச்சி?" என்றார், கடலைமிட்டாயை மென்றபடி.

கோளாறு எதுவும் தெரியவில்லை என்று எழுதி மாத்திரை கொடுத்தேன். அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஆவுடைத்தாய் நெஞ்சைப் பிடித்தபடி, நிறைகுடம் தளும்பாமல் கொண்டுபோகிறவளைப்போல், மெல்லப் பின்னால் போனாள்.