பியாசாவே போதும்

மலேசியாவின் லூனாஸில் தன் வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார் டக்ளஸ். பக்கத்தில் புதிய டைட்டானியம் போல்ட்டுகள் நீலமாக மின்னின.

"இரும்புல சாதாரண பியாசா போல்ட்டே போதாதாண்ணே?" என்றான் பக்கத்து வீட்டு கேப்ரியல்.

"பியாசா கனம் லா. துரு வேற பிடிக்கும். நம்ம சைக்கிளை நாம பார்க்காட்டி வேற யாரு பார்ப்பா?"

உள்ளேயிருந்து கோப்பியோடு நொண்டி வந்த மனைவி ஃபிலோமினா, கதவருகே நின்று சிரித்துக்கொண்டாள். போன வருடம் கால் முறிந்தபோது தன்னையும் இவர் இப்படித்தானே பார்த்துக்கொண்டார்!

"டைட்டானியம் பத்தி யாருண்ணே சொன்னா?"

"அவ காலுக்கு ஸ்க்ரூ வச்சாங்கல்ல, அந்த டாக்டர்தான். டைட்டானியம் வைக்கவா, பியாசா வைக்கவான்னு கேட்டு, எல்லாத்தையும் விளக்கினாரு. அப்பவே மனசுல பதிஞ்சிருச்சு."

"அப்ப அக்கா கால்லயும் டைட்டானியமா?"

டக்ளஸ் நீல போல்ட் ஒன்றை எடுத்து, பதமாகத் திருகினார்.

"அவ என்ன ரேஸா ஓடப் போறா? பியாசாவே போதும்னு சொல்லிட்டேன்."

பின்னாலிருந்து ஃபிலோமினாவின் குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரியில ஒரே வகைதான் இருக்குன்னு என்கிட்ட சொன்னீங்களே?"