பன்னிரண்டாவது பாட்டு

"இன்னிக்கும் ராப்தானா, நெங்? வேன் டிரைவருங்க ஸ்டாப் பேரைக் கூவுறதைக் கேட்டுக்கிட்டேதான் தினம் கடைக்கு வர்றேன். இங்கயும் அதே கூச்சலா?" என்றார் டாட்டாங்.

"முதல்ல கேளுங்க, காங். அப்புறம் திட்டுங்க" என்ற ரெங்கானிஸ், வழக்கம்போல் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

பாண்டுங் நகரின் பழைய சந்தைக் கட்டடத்தில், மாடியில் இருந்தது டாட்டாங்கின் கேசட் கடை. அந்த ஊர் வழக்கப்படி அவருக்கு அவள் 'நெங்', சின்னப் பெண்; அவளுக்கு அவர் 'காங்', அண்ணன். ஞாயிறு மூன்று மணி ஆனால் அங்கே பந்தயம். அவர் ஒரு ராக் பாட்டு போடுவார், அவள் ஒரு ராப் பாட்டு போடுவாள். உறையைக் காட்டக் கூடாது. யார் பாடியது என்றும் சொல்லக் கூடாது. எதிராளியே தன் வாயால் 'நல்லாயிருக்கு' என்று ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. அப்படி ஜெயித்த பாட்டு வாரம் முழுக்கக் கடையில் ஓடும். பக்கத்துக் கடையில் பாத்தகோர் என்ற மீன் பலகாரம் பொரித்துக்கொண்டிருக்கும் யாயட்தான் சாட்சி.

பதினோரு ஞாயிறு போயிற்று. ரெங்கானிஸ் ஏழு தடவை ஒப்புக்கொண்டிருந்தாள். டாட்டாங் ஒரு தடவைகூட இல்லை.

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கும் அவளுக்கு எதையும் எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது. அவர் சொன்ன குறைகள் எல்லாம் தேதி போட்டு நோட்டில் இருந்தன. 'டிரம் தையல் மெஷின் மாதிரி அடிக்குது.' 'மூச்சு விட இடமில்ல.' 'கோபம் இருக்கு, எதுக்குன்னுதான் தெரியல.' திருப்பிப் படித்தால் பாதி சரியாகத்தான் சொல்கிறாரோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ராக் என்ற பெயர் இருந்தாலே கொண்டாடுகிறவரும் இல்லை அவர். அவள் கடைக்கு வந்த முதல் நாள், மேஜைக்கடியில் கிடந்த அட்டைப் பெட்டியைக் கிளறி, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய உள்ளூர் ராக் கேசட் ஒன்றை அவள் எடுத்தபோது வள்ளென்று விழுந்தார். அதில் கிடார் வாசித்தவனுக்குத் தாளமே நிற்காது, கேட்கிற லட்சணத்தில் இல்லை, காசு வேண்டாம், கொண்டுபோய் அதன்மேல் வேறு எதையாவது பதிந்துகொள் என்றார். அதையும் அவள் நோட்டில் எழுதிவைத்திருந்தாள்.

இன்றைக்கு அவள் பையில் இருந்தது அவளுடைய சொந்தப் பாட்டு. இரண்டு மாத வேலை. டாட்டாங் நல்லாயிருக்கு என்றால் வெளியிடுவது, இல்லாவிட்டால் அழித்துவிடுவது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அவர் பாட்டு. முணுமுணுப்பாகத் தொடங்கி, நடுவில் கிடார்கள் எல்லாம் சேர்ந்து உடைத்துக்கொண்டு கொட்டின. ரெங்கானிஸ் பாதிதான் கேட்டாள். கேட்ட பாதியே நன்றாக இருந்ததால் ஒப்புக்கொண்டாள்.

"எட்டு" என்றான் யாயட், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தன் கேசட்டை டேப்பில் போட்டாள்.

டாட்டாங் வழக்கம்போல் குறை சொல்லத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டார். அரை நிமிடத்தில் கட்டு அவிழ்ந்தது. செருப்பு நுனி தரையைத் தட்டியது. பாட்டு முடிந்ததும் அவரே பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். பிறகு இன்னொரு தடவை. யாயட் கரண்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"உன் குரல்தானே?" என்றார் டாட்டாங். "கனமாக்கிட்டா எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இந்தக் காதாலதான் சோறு திங்கிறேன்."

அவள் தலையாட்டினாள்.

"பேச்சு பரவால்ல. உனக்குச் சொல்ல என்னமோ இருக்கு. ஆனா அந்த கிடார் இருக்கே, நெங்." அவர் வழுக்கைத் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டார். "நாலே நாலு அடி, திரும்பத் திரும்ப வருது. ஒரு இடத்துல கால் தடுக்கின மாதிரி நின்னு விழறான் பாரு. சரியா அங்கதான் உன் வார்த்தை வந்து உக்காருது. வேணும்னே செஞ்சிருக்கான். அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது."

"அப்ப நல்லாயிருக்கா, காங்?"

"நல்லாயிருக்கு. யாயட், கேட்டுக்கோ. இந்த வாரம் பூரா இதுதான் ஓடும்." அவர் அவள் பக்கம் குனிந்தார். "வாசிச்சது யாரு? உயிரோட இருந்தா எங்கன்னு சொல்லு. நேர்ல போய் அவன் கையை எடுத்து நெத்தியில வெச்சுக்கணும்."

ரெங்கானிஸ் எழுந்தாள். மேஜைமேல் இருந்த டாட்டாங்கின் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"வந்தப்பவே வெச்சியே. மறுபடி எதுக்கு?"

"கொஞ்சம் வேகத்தைக் குறைச்சேன். வேற எதையும் மாத்தல, காங்" என்றவள், முதல் நாள் அவர் சும்மா கொடுத்த கேசட்டின் உறையைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

டாட்டாங்கின் கை மறுபடி வழுக்கைத் தலைக்குப் போனது. யாயட் எட்டிப் பார்த்தான். உறையில், கிடாரைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றிருந்தான் ஓர் இளைஞன்.

"காங், உங்களுக்கு அப்ப தோள் வரைக்கும் முடி இருந்துச்சா?" என்றான் யாயட்.