கிலோ பாடம்

"காலையில ஆறு கிலோ கொழுந்து, பகல்ல எட்டு கிலோ. மொத்தம் எவ்வளவுடா?"

கணக்கப்பிள்ளை மாணிக்கவாசகம் கேட்டு வாய் மூடவில்லை. லிங்கம் சொல்லிவிட்டான்.

"பத்து!"

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அடுப்பு மூலையில் நின்ற புஷ்பலீலா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. தம்பி லிங்கத்துக்கு ஏழு, தங்கச்சி ராணிக்கு ஆறு. இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் கேட்டில் கலகக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய் மூன்று மாதமாகிறது. திறந்தால் சுடுவார்களாம். அன்றிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் அக்காதான் டீச்சர்.

"சின்னவளையும் கேட்டுப் பார்ப்போம். நீ சொல்லு பாப்பா."

ராணி விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"பத்து, ஐயா."

"கேட்டியா சுந்தரம்மா? ரெண்டும் ஒரே மாதிரி பிழை விடுது. அப்ப பிழை புள்ளைங்ககிட்ட இல்ல."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியாது. மலையில் கொழுந்து நிறுத்து எழுதுகிற மாணிக்கவாசகம்தான் தோட்டத்திலேயே கணக்குத் தெரிந்தவர் என்று, பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க அவள்தான் கூப்பிட்டிருந்தாள். படிப்பு சரியாக நடந்தால் லீலா வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கே கொழும்புக்கு, கணக்கப்பிள்ளையின் மச்சினிச்சி வீட்டில் வேலைக்கு.

"என்னடி இது? மூணு மாசமா என்னத்தச் சொல்லிக் குடுத்த?"

"அம்மா, நெசமாவே இவங்களுக்குத் தெரியும்மா. பாருங்க."

லீலா டப்பாவிலிருந்து காப்பிக்கொட்டைகளை அள்ளித் தரையில் வைத்தாள். ஆறு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம்.

"எத்தன?"

"பதினாலு!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"காப்பிக்கொட்டைய எண்ணிக்கிட்டே இருந்தா போதுமா?" கணக்கப்பிள்ளை தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "கிலோவுல கேட்டா தடுமாறுதுங்க. இஸ்கூல் புத்தகத்த விட்டுட்டு, தேர்க்கடையில வாங்குன மெட்ராஸ் புத்தகத்த நம்புனா இப்படித்தான். இந்தியாக் கிலோ வேற மாதிரியோ என்னமோ!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்தப் புத்தகத்தை லீலாதான் தேடி எடுத்தாள், மாத்தளை முத்துமாரியம்மன் தேரன்று. பக்கத்துக் காம்பராவில் கிடைத்த பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதல் இருபது பக்கம் இல்லை. இதில் முதல் பக்கத்திலேயே இருந்தது: 'கண்ணில் படும் எண்களையெல்லாம் சத்தமாக வாசி.' அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினாள். கலண்டர், காம்பராக் கதவு, பஸ் நம்பர் என்று ஒன்று விடாமல் வாசிக்க வைத்தாள். காலையில் பாடம். பகலிலும் அந்தியிலும் இரண்டு பேரும் மலைக்குப் போய், கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வருவார்கள். வந்ததும் மறுபடி பாடம்.

"இன்னொண்ணும் சொல்றேன் சுந்தரம்மா. நேத்து ரோட்டுல ஆமி லொறி போகுது, இவன் அதோட நம்பர நின்னு சத்தமா வாசிக்கிறான். இந்தக் காலத்துல அதெல்லாம் வாசிக்கிற நம்பரா?"

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ சாமி! இதையெல்லாமாடி பழக்குன?"

லீலா காப்பிக்கொட்டைகளை மறுபடி டப்பாவில் போட்டாள். ஒரு புத்தகத்தை நம்பித் தம்பியையும் தங்கச்சியையும் கெடுத்துவிட்டோமா?

"பேசுன மாதிரியே செஞ்சிருவோம். முதல் பஸ்ஸுக்கு ரெடியா இருக்கச் சொல்லு." கணக்கப்பிள்ளை எழுந்தார்.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு கணக்கு கேளுங்க. அதுவும் பிழைன்னா நானே போயிடுறேன்."

அவர் வாசலில் நின்றபடியே கேட்டார். "காலையில ஏழு கிலோ, பகல்ல ஒம்பது, அந்திக்கு அஞ்சு."

லிங்கம் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான். லீலா இருபத்தொன்று வரவேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டாள்.

"பதினஞ்சு."

"முடிஞ்சுது போ! போகப் போகப் பிழை கூடிக்கிட்டுத்தான் போகுது."

லீலா புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். கிலோ பாடம் அங்கேதான் இருந்தது. இரண்டு தாள் ஓரம் வெட்டுப்படாமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐயா, இதப் பாருங்க. கிலோ பாடத்த நான் இன்னும் தொடவே இல்ல. அம்மா மேல சத்தியமா! கிலோவப் பத்தி ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கல."

"அப்ப வானத்துலேருந்தா வந்துச்சு?" கணக்கப்பிள்ளை லிங்கத்தின் காதைப் பிடித்தார். "டேய், கிலோக் கணக்க இப்படிப் போடச் சொல்லி எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

லிங்கம் அழுகையோடு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்கதான் ஐயா. தராசு முள்ளு எட்டுல நிக்கும், நீங்க அம்மாகிட்ட ஆறுன்னு சொல்லி எழுதுவீங்க... கிலோன்னா ஒவ்வொரு தடவையும் ரெண்டு குறைக்கணும்தானே?"